மஸ்டரில் ஏறாத வருசங்கள்: தங்கவயல் மூடலும் நட்டஈட்டுச் சட்டம் வந்த வழியும்

களத்துமேட்டில் நெல் அளக்கும்போது யாருக்கு முதல் மரக்கால், யாருக்குக் கடைசி மரக்கால் என்பதற்கு ஊரில் ஒரு முறை இருந்தது. கோயிலுக்கு அளப்பார்கள். மணியக்காரருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் அளப்பார்கள். கடன் கொடுத்தவன் தன் பங்கைத் தனியாகக் குவித்துக்கொள்வான். வருசம் பூராவும் சேற்றில் நின்றவன் எல்லாருக்கும் பின்னால் துண்டை விரித்துக்கொண்டு நிற்பான். களத்தைக் கூட்டிப் பெருக்கும்போது மண்ணோடு சேர்ந்து வரும் நெல்தான் அவனுக்கு. இதைச் சாதி வழக்கம் என்று சொல்கிறோம். சரிதான். ஆனால் ஒரு கம்பெனி நொடித்துப்போய், சொத்தை விற்றுக் கடனை அடைக்கும்போதும் இதே மாதிரி ஒரு களம் கூடுகிறது. அங்கேயும் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதில் கூலிக்காரன் எங்கே நின்றான், எப்படி முன்னால் வந்தான், இப்போது எப்படிப் பின்னால் தள்ளப்படுகிறான் என்பதைக் கோலார் தங்கவயலை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஏன் தங்கவயல்? தமிழில் தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்கள் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் தொடங்கி மில், துறைமுகம், ரயில்வே என்று போவார்கள். தங்கவயல் கர்நாடகத்தில் இருக்கிறதாம், அதனால் ஒரு வரியோடு முடித்துக்கொள்வார்கள். அங்கே பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து போன தமிழ் பேசும் தலித் மக்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் வேர்பிடித்த மண் அது. பண்டிதர் 1914-இல் இறந்தபின், ஜி. அப்பாதுரையார் 1926-இல் ‘தமிழன்’ ஏட்டைத் திரும்ப நடத்தியது தங்கவயலில் இருந்துதான். ஒரு நூற்றாண்டுக்கு மேல் தலித் தொழிலாளர்களை நம்பியே ஓடிய ஒரு தொழில், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு நின்றுபோனது. மறுநாள் மார்ச் 1 முதல் மூடல். கடைசி நாளில் வேலையில் இருந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். அவர்கள் கைக்கு என்ன வந்தது, எந்தச் சட்டப்படி வந்தது, எது வரவே இல்லை என்று பார்த்தால் இந்திய நட்டஈட்டுச் சட்டத்தின் சரித்திரமே வெளியே வந்துவிடும்.

பழைய கதையிலிருந்து வருவோம். 1880-களில் லண்டனில் பதிவான கம்பெனிகள் மைசூர் சமஸ்தானத்தில் குத்தகை வாங்கி இறங்கின. நிர்வாகம் ஜான் டெய்லர் கம்பெனி கையில். மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள். ஆரம்பத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்ததாகச் சொல்வார்கள். இயந்திரம் ஓட்ட 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆட்கள் காண்ட்ராக்டர் மூலம் வந்தார்கள். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்த, ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன், பள்ளிக்கூடத்துத் திண்ணையில் உட்கார முடியாதவன், தகரக் கொட்டகை லைனில் போய்க் குடியேறினான். ஊர்க்காரனின் கண்ணுக்கு எட்டாத தூரமே ஒரு விடுதலையாக இருந்தது. கூலி காசாக வந்தது. அதனால்தான் அங்கே புத்தகம் அச்சானது, பள்ளிக்கூடம் வந்தது, சங்கம் வந்தது. இதை மறைத்துவிட்டுத் தங்கவயலை வெறும் துயரக் கதையாக எழுதக்கூடாது.

அந்த லண்டன் கம்பெனிகள் எந்தச் சட்டத்தின் காற்றைச் சுவாசித்தன? 1888-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் திவாலாகும் கம்பெனிகளுக்கு ஒரு முன்னுரிமைச் சட்டம் போட்டது. கம்பெனி நொடித்தால் சம்பள பாக்கியில் கொஞ்சத்தைச் சாதாரணக் கடன்காரர்களுக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்றது. நல்ல விசயம். ஆனால் கணக்கைப் பாருங்கள். குமாஸ்தாவுக்கு நான்கு மாதச் சம்பளம், 50 பவுன் வரை. உடலுழைப்புத் தொழிலாளிக்கு இரண்டு மாதக் கூலி, 25 பவுன் வரை. பேனா பிடித்தவன் பசியும் கடப்பாரை பிடித்தவன் பசியும் ஒன்றல்ல என்று சட்டமே எழுதிவைத்தது. மனு எழுதாத வெள்ளைக்கார மனுதர்மம்! அதுவும் பாக்கிச் சம்பளத்துக்கு மட்டும்தான். வேலை போனதற்கு என்று ஒரு காசும் கிடையாது. ‘வேலை போனது’ ஒரு நட்டம் என்ற எண்ணமே அப்போது சட்டத்தில் இல்லை. காண்ட்ராக்டரிடம் கூலி வாங்கியவனுக்கு அந்த இரண்டு மாதக் கூலியையும் கேட்க வழியில்லை. கம்பெனிப் புத்தகத்தில் அவன் ஆளே இல்லையே!

இங்கேதான் மஸ்டர் ரோல் என்ற அந்தத் தடித்த நோட்டுப் புத்தகம் வருகிறது. பெயர், தகப்பன் பெயர், சேர்ந்த தேதி, வந்த நாள், வராத நாள். 1930-இல் கம்பெனி, தொழிலாளிகள் எல்லாரும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்றபோது தங்கவயலே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஏன்? கைரேகை எடுப்பது குற்றப்பரம்பரை என்று போலீஸ் முத்திரை குத்திய சாதிகளுக்கு நடந்த காரியம். ‘தங்கத்தைத் தோண்டிக் கொடுக்கிறவன் திருடனா?’ என்பதுதான் கேள்வி. நியாயமான கோபம். ஆனால் சரித்திரத்தின் விளையாட்டைப் பாருங்கள். எந்தப் புத்தகம் நம்மைக் குற்றவாளியாகப் பதிய வந்ததோ, அதே மாதிரிப் புத்தகம்தான் எழுபது வருசம் கழித்து, ‘நான் இங்கே முப்பது வருசம் உழைத்தேன்’ என்று சொல்வதற்கு ஒரே சாட்சியாக இருந்தது.

எழுத்தில் ஏற்றுவது எவ்வளவு பெரிய உரிமை என்பதை அண்ணல் அம்பேத்கர் நன்றாக அறிந்திருந்தார். 1942 முதல் 1946 வரை அவர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அந்தப் பொறுப்பின் கடைசிக் காலத்தில் அவர் கொண்டுவந்த மசோதாதான் 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டமாக ஆனது. வேலை நேரம், விடுப்பு, தண்டனை, வேலையிலிருந்து நிறுத்தும் முறை எல்லாவற்றையும் முதலாளி எழுதி, அதிகாரியிடம் ஒப்புதல் வாங்கி, தொழிலாளிக்குத் தெரிகிற மாதிரி ஒட்டிவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். மேஸ்திரியின் வாய்தான் சட்டம் என்றிருந்த இடத்தில் இது சாதாரண விசயமா? இடதுசாரித் தோழர்கள் தொழிலாளர் சட்ட வரலாறு சொல்லும்போது இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போவதை நான் பல வகுப்புகளில் கவனித்திருக்கிறேன்.

வேலை போவதற்கு நட்டஈடு என்ற சரக்கு இந்தியச் சட்டத்தில் நுழைந்தது 1953 அக்டோபர் 24-இல். தொழில் தகராறுச் சட்டத்தில் ஒரு புது அத்தியாயம் சேர்த்தார்கள். ஆட்குறைப்பு செய்தால் முடித்த ஒவ்வொரு வருசத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். முன்னறிவிப்பு ஒரு மாதம். இதுதான் அடிக்கல். இந்த 15 நாள் என்ற அளவு இன்றைக்கு வரைக்கும் மாறவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வருசத்துக்குள்ளேயே முதலாளிகள் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். பார்சி லைட் ரயில்வே என்ற கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, பழைய கம்பெனி நட்டஈடு தரவேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். 1956 நவம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது: ஓடுகிற தொழிலில் ஆள் அதிகம் என்று குறைத்தால்தான் ஆட்குறைப்பு; தொழிலையே மூடிவிட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது. அதாவது பத்துப் பேரை வெளியே அனுப்பினால் நட்டஈடு உண்டு, பத்தாயிரம் பேரையும் ஒரே நாளில் அனுப்பினால் இல்லை!

அந்த ஓட்டையை அடைக்க 1957-இல் திருத்தம் வந்தது. தொழிலை மூடினாலும் அதே 15 நாள் கணக்கு. முதலாளியின் கைக்கு மீறிய காரணத்தால் மூடினால் மட்டும் அதிகபட்சம் மூன்று மாதச் சம்பளத்தோடு விடலாம். உடனே எல்லா முதலாளியும் ‘என் கைக்கு மீறியது’ என்பான் அல்லவா? அதனால் விளக்கமும் எழுதினார்கள்: பணமுடை, சரக்குத் தேக்கம் இவையெல்லாம் கைக்கு மீறிய காரணம் ஆகாது. 1971-இல் அந்தப் பட்டியலில் குத்தகை முடிவதையும், சுரங்கத்தில் கனிமம் தீர்ந்துபோவதையும் சேர்த்தார்கள். ‘தங்கம் தீர்ந்துபோச்சு, நான் என்ன செய்ய’ என்று சொல்லிக் கை விரிக்க முடியாது. இந்த ஒரு வாக்கியம் தங்கவயல் மாதிரி இடங்களுக்காகவே எழுதினது போல இருக்கிறது.

1972-இல் கிராஜுவிட்டிச் சட்டம். ஐந்து வருசம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு வருசத்துக்கு 15 நாள் சம்பளம். இது நட்டஈட்டுக்கு மேல் தனி. 1976-இல் அவசரநிலைக் காலத்தில் இன்னொரு அத்தியாயம்: 300 பேருக்கு மேல் இருந்தால் அரசாங்க அனுமதி இல்லாமல் மூடக்கூடாது. 1978-இல் எக்ஸெல் வேர் வழக்கில் உச்சநீதிமன்றம் மூடல் அனுமதிப் பிரிவை அடித்துப்போட்டது. தொழில் நடத்த உரிமை இருந்தால் நடத்தாமல் இருக்கவும் உரிமை உண்டு என்பது வாதம். 1982-இல் திருத்தி எழுதி, 100 பேர் என்று வரம்பை இறக்கினார்கள்.

இதெல்லாம் கம்பெனியிடம் காசு இருந்தால் கிடைக்கிற உரிமை. காசே இல்லாத கம்பெனியில்? அப்போதுதான் அந்தக் களத்துமேட்டு வரிசை. 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் அடமானம் வாங்கிய வங்கி முதலில் எடுத்துக்கொண்டு போய்விடும். மிச்சம் இருந்தால், தொழிலாளிக்கு நான்கு மாதச் சம்பளம் வரை, தலைக்கு 1,000 ரூபாய்க்கு மிகாமல் முன்னுரிமை. அந்த 1,000 ரூபாயை 20,000 ஆக்கியது 1997-இல்தான்! நாற்பது வருசம் விலைவாசி ஏறியது யார் கண்ணிலும் படவில்லை.

இந்த வரிசையை உடைத்தது கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கு. ஒரு குடும்பக் கம்பெனியில் பங்குதாரர்களுக்குள் சண்டை. கம்பெனியைக் கலைக்கச் சொல்லிக் கோர்ட்டில் மனு. ‘எங்களையும் கேளுங்கள்’ என்று தேசிய ஜவுளித் தொழிலாளர் சங்கம் போனது. கடன்காரனுக்கும் பங்குதாரனுக்கும் பேச உரிமை உண்டு, தொழிலாளிக்குச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். 1982 டிசம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர், பகவதி, சின்னப்ப ரெட்டி, பகருல் இஸ்லாம், தொழிலாளிக்குப் பேச உரிமை உண்டு என்றார்கள். இரண்டு பேர் முடியாது என்றார்கள். ஒரே ஒரு ஆள் வித்தியாசத்தில் வாயில் பூட்டு கழன்றது.

அதற்கு மூன்று வருசம் கழித்து, 1985-இல் கம்பெனிச் சட்டத்தில் 529-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. சம்பள பாக்கி, மூடல் நட்டஈடு, கிராஜுவிட்டி, பிராவிடண்ட் ஃபண்ட் எல்லாம் சேர்ந்த தொழிலாளர் பாக்கி, அடமானக் கடனோடு தோளுக்குத் தோள் நிற்கும். இதைக் கணக்கில் சொன்னால்தான் விளங்கும். ஒரு மில்லை விற்றதில் 60 லட்சம் வருகிறது என்று வையுங்கள். வங்கிக்கு ஒரு கோடி பாக்கி, தொழிலாளிகளுக்கு 50 லட்சம் பாக்கி. பழைய முறையில் வங்கி 60 லட்சத்தையும் எடுத்துக்கொண்டு இன்னும் வரணும் என்று சொல்லும். தொழிலாளிக்குச் சைபர். 1985-க்குப் பிறகு இரண்டுக்கு ஒன்று என்று பிரிய வேண்டும்: வங்கிக்கு 40, தொழிலாளிக்கு 20. இந்தியத் தொழிலாளி அந்தக் களத்தில் முன்வரிசைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

தங்கவயலுக்குத் திரும்புவோம். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். 1962-இல் மத்திய அரசுக்குப் போனது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறைக் கம்பெனி. தோண்டத் தோண்ட ஆழம் கூடியது. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. டன்னுக்குக் கிடைத்த தங்கம் மூன்று நான்கு கிராமாகச் சுருங்கியது. அதுவும் பல வருசம், எடுத்த தங்கத்தை உள்நாட்டுச் சந்தை விலைக்குக் கொடுக்காமல், அதைவிடக் குறைந்த சர்வதேச விலைக்கு அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். ஆக, ஏட்டில் ஏறிய நட்டத்தில் ஒரு பங்கு பூமி கொடுத்தது, ஒரு பங்கு அரசாங்கமே எழுதியது. நட்டம் நட்டம் என்று சொல்கிறவர்கள் இரண்டாவது பங்கைச் சொல்வதில்லை.

1985-ஆம் ஆண்டு நலிந்த தொழில் நிறுவனச் சட்டம் ஒரு வரையறை வைத்திருந்தது: சேர்ந்த நட்டம் கம்பெனியின் மொத்தச் சொந்த மதிப்பையும் தின்றுவிட்டால் அது நலிந்த கம்பெனி. 1992-இல் தங்கவயல் கம்பெனி அந்தச் சட்டத்தின் கீழ் பி.ஐ.எஃப்.ஆர். வாரியத்துக்குப் போனது. எட்டு வருசம் கழித்து, 2000 ஜூனில், கம்பெனியைக் கலைத்துவிடலாம் என்று வாரியம் சிபாரிசு செய்தது. 2001 ஜனவரியில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தொழில் தகராறுச் சட்டப்படி மூடல் அனுமதி கொடுத்தது. ஒரு விசயத்தைக் கவனியுங்கள். முதலாளி மத்திய அரசு. அனுமதி கேட்டது மத்திய அரசு. அனுமதி கொடுத்ததும் மத்திய அரசு. பண்ணையாரே பஞ்சாயத்துத் தலைவராகவும் உட்கார்ந்தால் எப்படியோ அப்படி.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாளி அரசாங்கம் என்பதால்தான் கம்பெனிக் கோர்ட்டு வரிசையில் நின்று ஏலத்துக்குக் காத்துக்கிடக்கிற கதி அந்த மூவாயிரம் பேருக்கு வரவில்லை. தனியார் மில்களில் பாக்கிக்காகக் காத்திருந்தே செத்துப்போனவர்கள் எத்தனை பேர்! தங்கவயலில் மூடலுக்கான பணம் அரசாங்கக் கஜானாவிலிருந்து வந்தது. எவ்வளவு? சட்டக் கணக்கை மட்டும் பார்ப்போம். உதாரணத்துக்கு மாதம் 4,000 ரூபாய் வாங்கிய ஒருவர், முப்பது வருச சர்வீஸ். மூடல் நட்டஈடு வருசத்துக்கு 2,000 வீதம் 60,000. கிராஜுவிட்டிக்கு மாதத்தை 26 நாளாக வகுக்க வேண்டும். அப்படிப் போட்டால் 69,230. இரண்டும் சேர்ந்தால் ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரம் சொச்சம். முப்பது வருச அண்டர்கிரவுண்ட் வாழ்க்கைக்கு முப்பத்திரண்டு மாதச் சம்பளம். சட்டம் தந்த குறைந்தபட்சம் அதுதான். அதற்கு மேல் வந்தது எல்லாம் அரசாங்கம் பார்த்துக் கொடுத்தது, உரிமை இல்லை.

இந்தக் கணக்கில் நுரையீரலுக்குக் கட்டம் கிடையாது. பாறையைத் துளைக்கும்போது பறக்கிற தூசி நெஞ்சில் படிந்து கல்லாகிற சிலிகோசிஸ் நோய்க்கு இந்தியாவில் முதல் பெரிய ஆய்வு நடந்ததே தங்கவயலில்தான். 1940-க்கும் 1946-க்கும் இடையில் சோதித்தவர்களில் நூற்றுக்கு 43.7 பேருக்கு நோய் இருந்தது. இது தொழில் நோய், இதற்குத் தனிச் சட்டப்படி நட்டஈடு உண்டு. ஆனால் சிலிகோசிஸ் வேலையை விட்டு வந்த பிறகும் வளர்கிற நோய். மூடல் நாளன்று மூச்சு சரியாக இருந்தவனுக்குப் பத்து வருசம் கழித்து மூச்சு முட்டினால் யாரிடம் போவது? கேட்டுக்கு வெளியே பூட்டு தொங்குது. மாரிக்குப்பத்தில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: “தம்பி, அவன் குடுத்தது வருசத்துக்கு. நெஞ்சுக்குள்ள கெடக்குதே, அதுக்கு யாரு குடுப்பா? டி.பி.ன்னு எழுதிக் குடுத்துட்டா கம்பெனிக்கும் நமக்கும் தீந்து போச்சி.” காசநோய் என்று எழுதினால் அது தொழில் நோய் ஆகாது. ஒரு டாக்டரின் பேனா எந்த வார்த்தையை எழுதுகிறது என்பதில் ஒரு குடும்பத்தின் பாத்தியதை நிற்கிறது.

இன்னொன்று, மஸ்டரில் ஏறாதவர்கள். காண்ட்ராக்டில் மண் அள்ளியவர், கட்டட வேலை செய்தவர், அதிகாரி வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண்கள். மேலே சொன்ன சட்டம் எல்லாமே ‘தொடர்ந்த சர்வீஸ்’ என்ற சொல்லில் தொங்குகிறது. ஒரு வருசத்தில் 240 நாள் ஏட்டில் இருக்க வேண்டும். பூமிக்கடியில் வேலை என்றால் 190 நாள். காண்ட்ராக்டர் பெயர் மாற மாற இவர்களின் வருசம் ஒன்றிலிருந்து திரும்பத் திரும்பத் தொடங்கும். தங்கவயல் மூடின அதே 2001-இல், ஆகஸ்ட் மாதம், ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்சநீதிமன்றம் காண்ட்ராக்ட் முறையை ஒழித்தாலும் அந்தத் தொழிலாளிகள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று தீர்ப்பு சொன்னது. முந்தின தீர்ப்பு கொடுத்திருந்த கதவும் சாத்தியது.

நமக்குள்ளேயும் ஒரு வரிசை இருந்ததைப் பேசாமல் போவது நேர்மையல்ல. பெஜவாடா வில்சன் பிறந்தது தங்கவயலில், மலம் அள்ளும் வேலையில் தள்ளப்பட்ட ஒரு தெலுங்கு தலித் குடும்பத்தில். தொழிலாளர் லைன்களில் எடுப்புக் கக்கூஸ்கள் 1990-களிலும் இருந்தன. அதை ஒழிக்க அவர் போராடத் தொடங்கியதும் அங்கேதான். சஃபாய் கர்மச்சாரி அந்தோலன் என்ற இயக்கம் அந்த அனுபவத்திலிருந்து எழுந்தது. புரட்சி பேசிய சங்கங்கள் எல்லாம் எத்தனை வருசம் அந்தக் கக்கூஸைத் தாண்டி மீட்டிங்குக்குப் போயிருக்கின்றன! பூமிக்கடியில் இறங்குகிறவனின் சங்கத்துக்கு, அவன் கழிவை அள்ளுகிறவளின் கோரிக்கை ஏன் முதல் கோரிக்கையாகவில்லை? இந்தக் கேள்வியைக் கேட்டால் ‘வர்க்க ஒற்றுமையைக் குலைக்காதீர்கள்’ என்பார்கள்.

மூடிய பிறகு சங்கங்கள் கோர்ட்டு கோர்ட்டாக அலைந்தன. 2006-இல் மத்திய அமைச்சரவை சொத்துக்களை உலக டெண்டரில் விற்பது, அதே விலைக்கு வாங்க முன்னாள் தொழிலாளர்களின் அமைப்புக்கு முதல் உரிமை கொடுப்பது என்று முடிவு எடுத்தது. 2013 ஜூலையில் உச்சநீதிமன்றமும் டெண்டருக்கு வழிவிட்டது. முதல் உரிமை, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உலகக் கம்பெனி வைக்கிற விலையை லைன் வீட்டில் இருக்கிறவன் எங்கே போய்ப் புரட்டுவான்? சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறிக் கெடக்கு. விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்புகிற ரயிலில் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு போகிறார்கள். செக்யூரிட்டி, கட்டடம், ஹவுஸ்கீப்பிங், கொஞ்சம் பேர் படித்து ஆபீஸ். பெரும்பாலும் காண்ட்ராக்ட். தாத்தா காண்ட்ராக்டரிடம் தொடங்கினார், பேரன் காண்ட்ராக்டரிடமே வந்து நிற்கிறான். 2024 ஜூனில், சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகளில் மிச்சத் தங்கத்தை எடுக்க மத்திய அரசு வைத்த யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. காற்றடித்தால் அந்த மேட்டின் தூசி இத்தனை வருசமும் வீட்டுக்குள் வந்தது. அதற்கு அப்போது விலை இல்லை.

இந்த இருபது வருசத்தில் அந்தப் பழைய வரிசையையும் மாற்றி எழுதிவிட்டார்கள். 2016-இல் திவால் சட்டத் தொகுப்பு வந்தது. நலிந்த நிறுவனச் சட்டமும் அதன் வாரியமும் போயின. புதுச் சட்டத்திலும் தொழிலாளர் பாக்கி அடமானக் கடனோடு சமமாகத்தான் நிற்கிறது என்று சொல்வார்கள். முழுசாகப் படிக்க வேண்டும். கடைசி 24 மாதத்துப் பாக்கி மட்டும்தான் அந்த இடத்தில் நிற்கும். முன்பு சொன்ன மில்லையே எடுங்கள். 50 லட்சத்தில் 20 லட்சம்தான் கடைசி 24 மாதத்துக்கு உரியது என்றால், 60 லட்சத்தில் வங்கிக்கு 50, தொழிலாளிக்கு 10. பழைய சட்டத்தில் 20 வந்த இடம் இது. அதற்கும் முன்னால் கலைப்பு நடவடிக்கைச் செலவு போய்விடும். கம்பெனியைக் கலைக்காமல் வேறொருவருக்குக் கைமாற்றுவதானால், முடிவெடுக்கிற குழுவில் வங்கிகளுக்குத்தான் ஓட்டு. தொழிலாளிக்குக் கிடையாது. 1982-இல் கிடைத்த வாய், பேசலாம், எண்ணப்படாது. ஒரே ஒரு காப்பு: பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகளை விற்பனைச் சொத்தோடு சேர்க்கக்கூடாது. ஜெட் ஏர்வேஸ் வழக்கில் 2022-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தப் பாக்கியை முழுசாகக் கொடுக்கச் சொன்னது அதை வைத்துத்தான்.

2020-இல் நிறைவேற்றி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்த தொழில் உறவுத் தொகுப்பில், மூடலுக்கு முன் அனுமதி வேண்டும் என்ற வரம்பு 100-இலிருந்து மறுபடி 300 ஆகிவிட்டது. எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தில் தோல் ஷெட்டுகளையும் ஷூ கம்பெனிகளையும் எண்ணிப் பார்த்தால், 300 பேரை ஏட்டில் காட்டுகிறவன் எத்தனை பேர் தேறுவான்? மற்றவர்கள் எல்லாம் பீஸ் ரேட், காண்ட்ராக்ட். 15 நாள் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது, 1953-இல் இருந்த மாதிரி.

கம்பெனி திவால் என்று செய்தி வந்தால் நம் ஆட்கள் கேட்டுக்கு முன்னால் கூடி நிற்பார்கள். அதோடு நிற்கக்கூடாது. திவால் நடவடிக்கை தொடங்கியதும் பேப்பரில் அறிவிப்பு வரும், பாக்கி கேட்டு மனுப் போடத் தேதி கொடுத்திருப்பார்கள். சங்கம் இருந்தால் எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரே மனுவாகப் போடலாம். சங்கம் இல்லாத இடத்தில் சம்பளச் சீட்டு, பி.எஃப். நம்பர், சம்பளம் விழுந்த வங்கிப் புத்தகம், இ.எஸ்.ஐ. அட்டை எது கையில் இருந்தாலும் அதை வைத்துத் தனியாகப் போட வேண்டும். காண்ட்ராக்டர் கொடுத்த அட்டைதான் இருக்கிறது என்றால் அதையும் தூக்கிப் போடக்கூடாது. காண்ட்ராக்டர் கூலியை ஏமாற்றினால் வேலை வாங்கிய மெயின் கம்பெனி அதைக் கொடுக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. புதுத் தொகுப்பிலும் அது இருக்கிறது. அந்த அட்டையில் மெயின் கம்பெனியின் பெயரும் எந்த மாதத்தில் எந்த ஷெட்டில் வேலை என்பதும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.